அக்னி லிங்கத்தில் ஏற்றிய ஒலிம்பிக் ஜோதி

எங்கள் பள்ளியில் விளையாட்டு விழா என்றால் முதலில் ஒலிம்பிக் ஜோதி ஏற்றியாக வேண்டும். ஒரு பிள்ளை தீப்பந்தத்தோடு ஓடி வந்து மைதானத்தின் நடுவிலுள்ள இரும்புச் சட்டியில் தீ வைக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. ஆறாம் வகுப்பில் ஜோதி எடுத்து ஓட என்னைத் தேர்ந்தெடுத்தபோது நான் கேட்டுத் தொலைத்தேன். கிரேக்க தேசத்தில் அந்தக் காலத்தில் விளையாட்டே சாமிக்காகத்தான் நடந்தது, இன்றைக்கும் ஜோதி அங்கே ஒரு கோயிலிலிருந்துதான் புறப்படுகிறது என்று பி.டி. சார் சொன்னார். அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தேன். வம்பு அங்கே ஆரம்பித்தது.

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு எதையும் பாதியில் விடுகிற சுபாவம் கிடையாது. "கோயில் ஜோதின்னு சொல்லிட்டு தீப்பெட்டில கொளுத்துனா என்னா அர்த்தம்? நம்ம பக்கத்துலயே அக்னி லிங்கம் இருக்குது" என்றார். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களில் நெருப்புக்கு உரிய சந்நிதி அது. பி.டி. சாருக்கும் யோசனை பிடித்துப்போயிற்று. பாவம், பின்னால் வரப்போவது அவருக்குத் தெரியாது.

மண்ணெண்ணெய்ப் பந்தத்துக்குச் சாமி விளக்கிலிருந்து தீ தர முடியாது என்று குருக்கள் சொல்லிவிட்டார். மாமா துணியை நல்லெண்ணெயில் ஊறவைத்து வேறு பந்தம் கட்டினார். ஏற்றி என் கையில் கொடுக்கும்போது காதோடு சொன்னார்: "உன் கையில அணைஞ்சுட்டா வீட்டுக்கு ஆகாதுடி, பாத்துப் போ." அதுவரை வேகமாக ஓடினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பயத்தில் காலே எழும்பவில்லை.

எழும்பியிருந்தாலும் ஓட விட்டிருக்க மாட்டார்கள். சேதி எனக்கு முன்னால் போயிருந்தது. செங்கம் ரோட்டில் வாசலுக்கு வாசல் பெண்கள் என்னை நிறுத்தி, தீயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஓர் அம்மாள் கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து துணியில் விட்டார். பின்னால் சைக்கிளில் வந்த பி.டி. சார் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். மைதானத்தில் சிறப்பு விருந்தினர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீ எங்கிருந்து வருகிறது என்று யாரோ சொன்னதும் எழுந்து ஷூவைக் கழற்றினார். அவரைப் பார்த்து எல்லோரும் கழற்ற, அந்த வருஷம் ஓட்டப் பந்தயம்கூட வெறுங்காலோடுதான் நடந்தது.

சாயங்காலம் விழா முடிந்து, பி.டி. சார் வழக்கம்போல ஒரு பக்கெட் தண்ணீரோடு சட்டியை நோக்கி வந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாதீங்க சார்! எங்க வீட்டுக்கு ஆகாது!"

"விடும்மா, கேட்டைப் பூட்டணும்" என்றார். ஆனால் அவர் கையும் மேலே எழவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தானே. கடைசியில் அம்மா எதிர்க்கடையில் ஓர் அகல் விளக்கு வாங்கிவந்து, சட்டித் தீயில் திரியை ஏற்றி, கையால் மறைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சட்டியில் இருந்தது எண்ணெய் தீர்ந்து தானாக அடங்கியது.

எங்கள் மாடி அறையில் ஒரு வெள்ளைக்கார அக்கா வாடகைக்கு இருந்தார். வருஷா வருஷம் வந்து தங்கியதில் கொஞ்சம் தமிழ் பேசுவார். கூடத்தில் எரிந்த விளக்கின் கதையைக் கேட்டதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் கிரேக்க நாட்டவர் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். எங்களைப் பொறுத்தவரை எல்லோரும் ஃபாரின்.

எனக்குக் கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. "உங்க கோயில்ல தினமும் யாரு அக்கா விளக்கு ஏத்துறாங்க?"

"யாரும் இல்ல. தூண் மட்டும் இருக்கு. கல் இருக்கு."

"அப்ப ஜோதி?"

"கண்ணாடி வெச்சு, சூரியன்லேர்ந்து எடுப்பாங்க. அப்புறம் உலகம் பூரா ஓடும்."

உலகம் பூராவும் ஓடும் தீக்குச் சொந்த வீட்டில் ஒரு விளக்கு இல்லை என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. "குருக்கள் எங்க போனாரு?" என்று கேட்டேன்.

அக்கா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. "போயிட்டாரு. ரொம்ப நாள் ஆச்சு."

பார்க்கப் பாவமாக இருந்தது. "கவலப்படாதீங்கக்கா, வந்துடுவாரு" என்றேன். ரொம்ப நாள் என்றால் அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முழுப்பரீட்சை லீவுதான்.