பூண்டுக்குப் பத்து வரி, உப்புக்கு ஒரு வரி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. எதிர்வீட்டுக்கு விறகு வந்திருக்கும் என்று நினைத்துப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"பேப்பர்ல எழுதுற ஐயா வீடு இதானா?"

கேட்டது ஒரு அம்மாள். நாற்பது வயதிருக்கும். பெயர் அங்கம்மாள், அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் என்றாள். கையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதம். பிரித்துக் காட்டினாள். மூன்று மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதியது! எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? முகமெல்லாம் சிரிப்பாக, "உட்காருங்கம்மா" என்றேன்.

அவள் உட்காரவில்லை.

"நீங்க எழுதுன மாதிரியே எங்க வீட்டுக்காரருக்குப் பூண்டுப் பால் காச்சிக் குடுத்துக்கிட்டு வாரேன்யா. ஒரு நாளும் தப்பினதில்ல. நேத்துச் சாயங்காலம் வயல்ல தண்ணி பாச்சிக்கிட்டு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு. வலது கை தூக்க வரல. வாய் கோணிப்போச்சு. இனிமே பூண்டக் கூட்டிப் போடணுமா... எம்புட்டுப் போடணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவர் எங்கே இருக்கிறார்?"

"வண்டியிலதான் படுத்திருக்காரு."

என் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும் — எனக்கு ரத்தக் கொதிப்பு வந்து இறங்கிய கதையை எழுதியிருந்தேன். டாக்டர் எனக்கு நான்கு கட்டளை போட்டிருந்தார். உப்பைக் குறை, ஊறுகாய், அப்பளம், கருவாடு பக்கம் போகாதே. காலையில் நட. நேரத்துக்குத் தூங்கு. பதினைந்து நாளைக்கு ஒரு முறை வந்து பிரஷர் பார்த்துக்கொள். நான்கையும் செய்தேன். கூடவே, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டுப் பூண்டுப் பாலும் குடித்தேன்.

ஆனால் எழுதும்போது என்ன செய்தேன்? பூண்டு உரித்தது, அந்த வாடைக்கு என் மனைவி முகத்தைத் திருப்பியது, ஆபீஸில் நண்பர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டது — பத்து வரி. உப்பைக் குறைத்ததற்கு ஒரே ஒரு வரி. உப்பில்லாத சாப்பாட்டைப் பற்றிச் சுவையாக எழுதுவது எப்படி?

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வண்டியில் வைக்கோல் மேல் அவள் வீட்டுக்காரர் கருப்பையா படுத்திருந்தார். நல்ல ஆகிருதி, என் வயதுதான். என்னைப் பார்த்ததும் கும்பிட முயன்றார். இடது கை மட்டும் எழுந்தது.

நானும் ஏறிக்கொண்டேன். "டாக்டர் வீட்டுக்கு விடுங்க, சீக்கிரம்" என்றேன். வண்டி ஓட்டியவர் அங்கம்மாளின் தம்பி. மாட்டை விரட்டினார். போகும்போதே அவளிடம் கேட்டேன். "சாப்பாட்டில் உப்பைக் குறைத்தீர்களா?"

"கருவாடு இல்லாம அவருக்குக் கூழ் எறங்காதுய்யா. தலைசுத்தல்னு டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப உப்பக் கொறைக்கத்தான் சொன்னாக. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வரவும் சொன்னாக. அப்புறந்தான் எங்கூரு வாத்தியாரு நீங்க எழுதுனத வாசிச்சுக் காட்டுனாரு. இவரு, 'பூண்டு பாத்துக்கிரும், நீ வையி'ன்னு கருவாட்டுல ரெண்டு துண்டு கூடவே கேட்டு வாங்குவாரு. ஆஸ்பத்திரிக்கும் அப்புறம் போகல."

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். முகம் மாறிவிட்டது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏற்பாடு செய்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்தார். அங்கம்மாள் காட்டிய காகிதம் அவர் கையில் இருந்தது.

"ஓய், உமக்கு நான் சொன்னது நாலு. நீர் ஊருக்குச் சொன்னது, நான் சொல்லாத அஞ்சாவது!"

காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். சட்டையே போட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கருப்பையா இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் தினமும் சாயங்காலம் போனேன். அங்கம்மாள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வாங்கய்யா" என்று முக்காலியைத் துடைத்துப் போடுவாள். நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்!

போன ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் அவர்கள் ஊருக்குப் போனேன். கருப்பையா கட்டிலில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார் — வலது கையால். ஒரு கடலைக்கு ஒரு நிமிஷம் ஆகிறது. ஆனாலும் உடைகிறது. வாய்க் கோணல் அநேகமாகச் சரியாகிவிட்டது. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறல். பிரஷர் முன்னைவிடக் குறைந்திருக்கிறது, கை பழையபடி ஆக மாதக் கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அங்கம்மாள் கேப்பைக் கூழ் கொண்டுவந்தாள். மோர் விட்டுக் கரைத்தது. உப்பு கிடையாது. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். எலுமிச்சை பிழிந்து, சீரகம் தட்டிப் போட்ட கீரை.

"மொத வாரம் கிண்ணத்தத் தள்ளி விட்டேன்யா" என்றார் கருப்பையா. "நாக்கே செத்துப்போச்சு. இப்ப என்னான்னா... கீரையிலயே ஒரு உப்பு இருக்கு. அம்பது வருசமா அது தெரியாமத் தின்னுருக்கேன்!"

மூன்று வாரமாக மனசில் கிடந்ததைச் சொன்னேன். "நான் எழுதினது தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் ஒரு கடலையை உடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பையும் எழுதித்தான இருந்தீக. வாத்தியாரு வாசிச்சாரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கஷ்டமானத விட்டுப்புட்டு லேசானதப் பிடிச்சுக்கிட்டது நாந்தேன்."

கேட்பதற்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அதை லேசானதாக எழுதிக் கொடுத்தவன் நான்தானே?

திரும்பும்போது பஸ் புறப்படத் தாமதமாயிற்று. நான் பேப்பரில் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. கண்டக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, எங்க ஆத்தாளுக்குச் சக்கர வியாதி. எதத் தின்னா இறங்கும்?"

டாக்டர் வீட்டு விலாசத்தைச் சொன்னேன்.