விவசாயப் பிரிவின் பதினைந்தாவது ஆள்

அந்த வாத்தியாரை ஊரைவிட்டு அனுப்ப எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. ஒரு சைக்கிள் போதுமாயிருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு பள்ளியில் படித்தேன். கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துக்கு விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். கல்லூரிக்குப் போக நினைப்பவன் உயர் கணக்கு எடுப்பான். என் மார்க்கு சுமார்தான். ஆனாலும் கணக்குதான் என்று முடிவு செய்திருந்தேன். விவசாயப் பாடம் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. அதற்குப் பதினைந்து பேர் சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். நடத்துகிற வாத்தியாரை எங்காவது தூரத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் மே மாதம் முழுக்க அவர் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்க வருவார்.

எங்கள் தோட்டத்துக்கு அவர் வந்தபோது அப்பா மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பையனுக்குக் கணக்கெல்லாம் எதுக்குங்க? விவசாயம் எடுத்தா நேரா கோயமுத்தூர் விவசாயக் காலேஜு. நாலு வருசத்துல சர்க்கார் ஜீப்புல வந்து உங்க தோட்டத்தையே மேப்பார்வை பார்ப்பான்."

அப்பா மாட்டை நிறுத்தாமலே சிரித்தார். "அப்ப என்னையே மெரட்டுவான்னு சொல்லுங்க."

ஜீப் அவருக்குப் பிடித்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் பதினைந்தாவது ஆள்.

டிசம்பர் விடுமுறையில் கோயமுத்தூர் போய் ஒரு கல்லூரி ஆபீஸ் ஜன்னலில் விசாரித்தேன். குமாஸ்தா தலையைக்கூட முழுதாக நிமிர்த்தவில்லை.

"விவசாயக் காலேஜுக்குப் போகவும் முதல்ல இன்டர்மீடியட் படிக்கணும் தம்பி. அந்த குரூப்புக்குப் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்திருக்கணும். உங்க வாத்தியார் சொல்லலையா?"

திரும்பி வந்து வாத்தியாரிடம் கேட்டேன். பள்ளித் தோட்டத்தில் மண்வெட்டிகளைச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா," என்றார். "ஆள் வேணுமில்ல? கிளாஸை மூடிட்டா நானெங்க போவேன்?"

மறைக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. இன்று மழை வராது என்று சொல்வதைப் போலச் சொன்னார். கொஞ்சம் மழுப்பியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

கணக்குக்கு மாறக் காலம் கடந்திருந்தது. நான் பரீட்சை எழுதவில்லை. மறையூருக்குப் போய் இரண்டு பருவம் வெல்லம் காய்ச்சும் கொப்பரைக்குத் தீ போட்டேன். பாகு தெறித்து இடது முழங்கையில் தோல் கழன்றது. பத்து நாளில் ஆறிவிட்டது. கரும்பு இல்லாத மாதங்களில் காந்தலூரில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினேன். கொப்பரை பொங்கும்போதெல்லாம் 'தெரியும்டா' என்று அவர் குரலில் சொல்லிப் பார்ப்பேன். வேலை சுறுசுறுப்பாக நடக்கும்.

அடுத்து ஊருக்கு வந்தது ஒரு மே மாதம். வாத்தியார் பிள்ளை பிடிக்கக் கிளம்பியிருந்தார். நான் சித்தப்பாவின் சைக்கிளை எடுத்தேன்.

ஒன்பது நாள், அவர் காலையில் போன வீடுகளுக்கு நான் மத்தியானம் போனேன். பொய் ஒன்றுகூடச் சொல்லத் தேவைப்படவில்லை. கல்லூரி ஜன்னலில் கேட்டதைச் சொல்வேன், முழங்கைத் தழும்பைக் காட்டுவேன். மோர் கொடுத்தால் குடிப்பேன். ஒரு பெரியவர் காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்தைத் திரும்ப வாங்கிவர மகனை உடனே விரட்டினார். "எழுந்திருடா! அந்த ஜீப்பு நம்மூட்டுக்கு வேண்டாம்!"

ஒரு வீட்டில் மட்டும் மாட்டிக்கொண்டேன். புருஷன் இல்லாத பெண்மணி, ஒரே மகன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க தம்பி, விவசாயம் வேண்டாம். என்ற பையன் கணக்குல முப்பது மார்க்கு. அப்ப அவனை எதுல சேர்க்கட்டும்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. "ஹெட்மாஸ்டரைக் கேளுங்கக்கா," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். அவர் எண்ணிக்கையில் ஒருவன் குறைந்தான், எனக்கு அவ்வளவுதான். வாத்தியாரும் என்னை அப்படித்தான் எண்ணினார் என்பது தெரிந்தே மிதித்தேன்.

பள்ளி திறந்தபோது அவர் பட்டியலில் பதினொரு பேர். வகுப்பை மூடினார்கள். வடக்கே கடலோரம் எங்கோ மாற்றல் வந்தது.

போகிற அன்று பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"திருப்தியாடா?"

"ஆச்சுங்க."

"ஒண்ணு கேட்டுக்க. நீ கணக்கு எடுத்திருந்தாலும் ஃபெயிலாத்தான் ஆயிருப்பே."

"ஆயிருப்பனுங்க. அது என்ற ஃபெயிலு."

பஸ் வந்துவிட்டது. வாத்தியார் பெட்டியை மேலே ஏற்ற ஆளில்லாமல் சுற்றிலும் பார்த்தார். மூட்டை தூக்கிப் பழகிய கை என்னுடையது, கட்டிக்கொண்டு நின்றேன். கண்டக்டரே முனகிக்கொண்டு ஏற்றினார்.

பஸ் கிளம்பும்வரை அங்கேயே இருந்தேன். மனம் மாறி இறங்கிவிடப் போகிறாரே என்று.