எனக்கு மட்டும் வந்த வசனம்

போன வருடம் கிறிஸ்மஸ் கரோல் பயிற்சி தொடங்கியிருந்த நாட்களில் நடந்தது இது. கொழும்பில் எங்கள் சபை வெள்ளவத்தையில், என் வீடு கொட்டாஞ்சேனையில். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். ஒரு மாலை பயிற்சி முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, எங்களோடு பாடுகிற ஒருவர் காரை நிறுத்தினார். "ஏறுங்கோ சிஸ்டர், நானும் அந்தப் பக்கம்தான்" என்றார். அவருடைய வீடு நுகேகொடையில், என் வீட்டுக்கு நேர் எதிர்த்திசை. அந்தப் பக்கமாம்!

மனைவி, பிள்ளைகள் உள்ளவர். சபையில் நல்ல பெயர். நம்பி ஏறினேன், பிறகு பயிற்சி முடிந்தால் அவருடைய காரில் வீடு வருவது வழக்கமாகிவிட்டது. அதன்பிறகு தினமும் காலையில் வட்ஸ்அப்பில் ஒரு வேத வசனம் அனுப்பத் தொடங்கினார். அதன் கீழே, நேற்று நன்றாகப் பாடினீர்கள், முகம் ஏன் வாடியிருந்தது என்று இரண்டு வரி. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அது பிடித்திருந்தது. கணவர் தூரத்தில் இருக்கும்போது இப்படி விசாரிக்க ஒரு ஆள் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? காலையில் எழும்பியதும் ஜெபத்துக்கு முதல் என் கை போனைத் தேடியது.

ஒரு நாள் கணவர் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார். நான் ம்ம் போட்டபடி, வசனம் அனுப்புகிறவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். "நான் இப்ப என்ன சொன்னனான்?" என்று கணவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பல்வலியில் இரவு முழுக்க நித்திரை இல்லையாம். அதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லியிருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த நாள் வந்த வசனத்தின் கீழே இப்படி இருந்தது: "இது உங்களுக்கு மட்டும் சிஸ்டர். வேற ஆருக்கும் காட்ட வேண்டாம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்ன வார்த்தையை ஒளித்துவைத்து வாசிக்கச் சொல்ல இவர் யார்? வேதத்தைத் தூண்டில் இரையாக்க இவருக்கு எப்படி மனம் வந்தது?

காரில் ஏறுவதை நிறுத்தினேன். எங்களோடு பாடுகிற, சபையில் எல்லோரும் மதிக்கும் ஓர் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "புருசன் தூரத்தில. நீங்கள்தான் கவனமா இருக்கோணும். கரோல் முடியுமட்டும் பொறுங்கோ, அவரை விட்டால் அந்தக் குரலுக்கு ஆளில்லை" என்றார். என் குடும்பம் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை, பாட்டில் ஒரு குரல் குறையக்கூடாது. அன்று முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த பயிற்சியில் எல்லோரும் இருக்கும்போதே அவரிடம் போனேன். "அண்ணே, காலமையில எனக்கு அனுப்புற வசனத்தை நாளையில இருந்து எங்கட குரூப்பில போடுங்கோ. எல்லாருக்கும் பிரயோசனமா இருக்கும்" என்றேன். விஷயம் தெரியாத இரண்டு பேர் நல்ல யோசனை என்றார்கள். அவர் "ஓம், ஓம்" என்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அக்கா என்னை முறைத்தார். நானும் திருப்பி முறைத்தேன்.

மறுநாள் குரூப்பில் வசனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. எனக்கென்று தேடித் தேடி அனுப்பியவருக்கு, நாலு பேர் பார்க்கப் போட இன்றுவரை ஒரு வசனம் அகப்படவில்லை.

இருதயத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இப்போது போனில் யார் எதை அனுப்பினாலும், இதை என் கணவருக்கு வாசித்துக் காட்டுவேனா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன்.