நெஞ்சு என்றால் எங்கே

1. ஞாயிறு காலை ஆறு மணி: இடது கண்ணுக்குப் பின்னால் ஒற்றைத் தலைவலி ஆரம்பம்.
2. ஆறேகால்: வழக்கமான மாத்திரை.
3. ஏழு: அம்மாவுடன் நெல்லித்தோப்பு மாதா கோயிலில் பூசை. வலி பாதி குறைந்திருந்தது.
4. ஏழே முக்கால்: பாதிரியாரிடம் நன்மை அப்பம் வாங்கினேன். வாயில் வைத்த அப்பம் நடுமார்பில் நின்றுவிட்டது. எச்சில்கூட இறங்கவில்லை.
5. உடனே அம்மாவிடம் சொன்னது: "நெஞ்ச அடைக்குதும்மா."

ஐந்தாவதில்தான் தவறு. எங்கள் வீட்டில் தொண்டைக்குழியிலிருந்து மேல்வயிறு வரை எல்லாமே நெஞ்சு. இட்லி விக்கினாலும் நெஞ்சு, புளித்த ஏப்பம் வந்தாலும் நெஞ்சு. வெளியே அந்த வார்த்தைக்கு இதயம் என்று பொருள். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிமிடம் ஆட்டோவில் இருந்தோம்.

"சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணி எவ்ளோ நாளாச்சி? அப்படியே போய் நன்மை வாங்குனா எப்படி இறங்கும்?" என்றாள் அம்மா. மருத்துவமனையில் ஈசிஜி ஒயர்களைப் பார்த்ததும் ஜெபமாலையைக் கையில் எடுத்தாள்.

ஈசிஜி சரி, ரத்தமும் சரி. இருந்தாலும் நெஞ்சடைப்பு என்றதால் பணியில் இருந்த மருத்துவர் அந்தத் தலைவலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். எனக்கு அதுதான் பெரிய அடி. அதற்கு முன் மூன்று மருந்துகளுக்குத் தலைவலி கேட்கவில்லை. இது இல்லாமல் மாதத்தில் நான்கு நாள் இருட்டறையில் படுக்க வேண்டும். வேலையோ பம்பு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. அத்தனை விடுப்பு கிடையாது.

மறுவாரம் நரம்பியல் மருத்துவரிடம் மேலே உள்ள பட்டியலைக் கொடுத்தேன். அவர் ஐந்தாம் வரியில் பேனாவை வைத்தார்.

"நெஞ்சுன்னா எங்க? விரலால காட்டுங்க."

தொண்டைக்குழியிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். விழுங்கும்போதா, நடக்கும்போதா என்று கேட்டார். விழுங்கும்போது என்றேன். இதயத்தை முதலில் முழுதாகப் பார்த்துவிடுவோம் என்று டிரெட்மில் சோதனைக்கு அனுப்பினார். அதுவும் சரியாக வந்தபின் விளக்கினார்: இந்த மருந்து தலையின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, சிலருக்கு உணவுக்குழாயின் தசையையும் இறுக்கலாம். எனக்கு நடந்தது அதுவாக இருக்கலாம், உறுதியில்லை.

அதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எங்கள் சோதனை மேசையில் ரப்பர் குழாயை உருளைகள் வரிசையாகப் பிதுக்கித் தண்ணீரைத் தள்ளும் பம்பு ஒன்று உண்டு. அழுத்தம் கூடினால் குழாய் துடிக்கும், தண்ணீர் நகராது.

பாதி அளவு எடுத்துப் பார்க்கலாம் என்றார். எடுத்தபின் இரண்டு மணி நேரம் கஞ்சி, மோர் மட்டும். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தால், காத்திருக்காமல் மருத்துவமனை.

"தலைவலி வந்த ஞாயித்துக்கிழம சாயந்தரப் பூசைக்குப் போய்க்கோ," என்றாள் அம்மா. பாவசங்கீர்த்தனத்தையும் நினைவூட்டினாள்.

இதுவரை பாதி மாத்திரை ஆறு முறை எடுத்திருக்கிறேன். ஐந்து முறை தலைவலி அடங்கியது. இரண்டு முறை மார்பு இறுகி, அரைமணியில் விட்டது. மாத்திரை தொடர்கிறது. வீட்டில் இப்போது தொண்டை, நடுமார்பு, மேல்வயிறு என்று இடம் சொல்லிப் பேசுகிறோம். அம்மா மட்டும் இன்னும் மறந்து, நெஞ்சு என்றே சொல்லிவிடுகிறாள்.