பொருத்தனைக் குலையும் கட்டப்பமும்

மட்டி வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்து சூட்டில் லேசாகக் கரியும்போது ஒரு மணம் வருமே, அது மூக்கில் ஏறினால் ஊரில் எல்லோருக்கும் பசி எடுக்கும். எனக்கு மட்டும் முதலில் பயம் வரும், அதற்குப் பிறகுதான் பசி. ஏன் என்று இத்தனை வருடம் வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது, தங்கை ஷீபாவுக்கு ஆறு. நாகர்கோவிலுக்கு வெளியே எங்கள் வீடு. மஸ்கட்டில் வேலை பார்த்த மாமா ஒரு லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த, கரண்டில் வேலை செய்யும் வாஃபிள் மிஷின் எங்கள் அடுக்களையில் இருந்தது. மாவை ஊற்றி மூடினால் மேலும் கீழும் சுட்டு, கட்டம் கட்டமாகப் பள்ளம் விழுந்த அப்பத்தை எடுத்துக் கொடுக்கும். வாஃபிள் என்ற பெயர் எங்கள் வாயில் நிற்காததால் வீட்டில் அது "கட்டப்பம்" ஆயிற்று. கோதுமை மாவு, முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு, மசித்த மட்டிப்பழம், அதோடு கிறிஸ்துமஸ் கேக்குக்கென்று அம்மா இடித்து வைத்திருக்கும் கிராம்பும் கறுவாப்பட்டையும் சாதிக்காயும் சுக்கும் கலந்த பொடியில் ஒரு கரண்டி. சனிக்கிழமை காலைக் காப்பிக்கு இதுதான்.

அந்த வருடம் அப்பாவுக்கு நெஞ்சில் ஆப்பரேஷன் செய்யவேண்டும் என்று திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா அழவில்லை, "பொருத்தனை" செய்தாள். அதாவது, அப்பா பிழைத்து எழுந்தால், கிணற்றடி மட்டிவாழை முதன்முதலாகத் தள்ளிய குலையைச் சர்ச்சில் காணிக்கையாக வைப்பதாக ஆண்டவருக்கு வாக்கு. குலையை வெட்டி, வாழைச்சருகு சுற்றி, பழுப்பதற்காக வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் தொங்கவிட்டுவிட்டு, ஆப்பரேஷனுக்கு நான்கு நாள் முன்னதாக அப்பாவோடு பஸ் ஏறினாள். எங்களைப் பார்த்துக்கொள்ள மணவாளக்குறிச்சியிலிருந்து அப்பாவின் அக்கா, தங்கபாய் அத்தை, வந்து சேர்ந்தாள்.

ஆப்பரேஷன் நாள் காலையில் அத்தை, "இண்ணைக்கு அடுப்பு பத்த வைக்காண்டாம். நம்ம எல்லாருக்கும் உபவாசம், கேட்டியளா" என்று உத்தரவு போட்டுவிட்டு, வேதபுத்தகத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷீபாவுக்கு உபவாசமாவது ஒன்றாவது! எட்டரை மணிக்கே "அக்கா, பசிக்கு" என்று மூக்கால் அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தை அடுப்பைத்தானே சொன்னாள், மிஷினைச் சொல்லவில்லையே என்று நான் சட்டம் பேசிக்கொண்டேன். மாவு இருந்தது, முட்டை இருந்தது, பொடி இருந்தது. பழம் மட்டும் அந்தக் குலையைத் தவிர வீட்டில் வேறு இல்லை. அவ்வளவு பெரிய குலையில் ஐந்து பழம் குறைந்தால் ஆண்டவருக்குத் தெரியவா போகிறது என்று சருகை விலக்கிக் கையை விட்டேன்.

அவசரப்பட்டுத் திறந்ததில் முதல் கட்டப்பம் பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலுமாகக் கிழிந்தது. அடுத்தது அம்மா சுடுவதைப் போலவே பொன்னிறமாக வந்தது. மணம் கதவிடுக்கு வழியாக உள்ளே போயிருக்க வேண்டும். ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு அத்தை வெளியே வந்தாள். தட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "பச்சப் பிள்ளையளப் பட்டினி போடணும்னு ஆண்டவரு சொல்லல்ல" என்று எங்களுக்காகப் பேசுவதுபோல உட்கார்ந்து, தானே இரண்டைத் தின்று தீர்த்தாள். பிறகுதான், "பழம் ஏதுட்டி?" என்று கேட்டாள். ஷீபா சாய்ப்பைக் காட்டினாள்.

அத்தையின் முகம் செத்துப்போயிற்று. "அடப் பாவி மக்கா! பொருத்தனையில கை வச்சா, ஆருக்காக வச்சமோ அவியளுக்கில்லா கேடு!" என்றாள். பழத்தில் பாதி அவள் வயிற்றுக்குள்தான் இருந்தது என்பது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். உபவாசத்தைச் சாயங்காலம் வரைக்கும் நீட்டிக்கொண்டு மறுபடியும் உள்ளே போய்விட்டாள். நான் கிணற்றடியில் உட்கார்ந்து, அப்பாவை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். இனி ஆயுசுக்கும் இனிப்பே தொடமாட்டேன், கணக்குப் பாடத்தில் பார்த்து எழுதமாட்டேன் என்று ஆண்டவரிடம் என்னென்னவோ பேரம் பேசிப் பார்த்தேன்.

நான்கு மணிக்குப் போன் அடித்தது. "நீ எடு மக்கா" என்றாள் அத்தை. எடுத்தேன். மறுமுனையில் அம்மா, "அப்பா கண்ணு முழிச்சாச்சு மக்கா. தண்ணி கேட்டாரு" என்றாள். "அப்பா முழிச்சாச்சு!" என்று அத்தையைப் பார்த்துக் கத்தினேன். அம்மாடி, அந்த நிமிஷம் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரம்! அத்தை ரிசீவரைப் பிடுங்கி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அழுதாள். போனை வைத்ததும் என் காதைப் பிடித்து, "அம்மைக்கிட்ட மூச்சு விடப்பிடாது, கேட்டியா" என்றாள்.

என்னால் முடியவில்லை. தண்டனை ரத்தாகவில்லை, தள்ளித்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்றே தோன்றியது. மாற்றுத்துணி எடுக்க அம்மா மூன்றாம் நாள் வந்தபோது, அடுக்களையில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் போன அண்ணைக்கே ஒரு சீப்பு பிச்சுப் பையில போட்டுட்டுத்தான் போனேன் மக்கா. அப்பாவ உள்ள கொண்டு போனாங்க. நான் வெளிய இருந்து ஒண்ணொண்ணா தின்னேன். என்ன செய்யேன்னே எனக்குத் தெரியல்ல, பசியானா தாங்கல்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தைக்கிட்ட சொல்லிராத என்ன" என்றாள். ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்த குலையைச் சருகு சுற்றியபடியே அத்தை சர்ச்சுக்குச் சுமந்து போனாள்.

அத்தை இன்று இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. மஸ்கட் மிஷின் புகைந்து போய், வேறு வாங்கியாயிற்று. கிணற்றடி வாழைகள் நின்ற இடத்தில் ஷீபா வீடு கட்டியிருக்கிறாள். ஐந்து பழத்துக்காக என் அப்பாவின் உயிரை எடுத்துவிடுவார் என்று நான் நடுங்கிய அந்த ஆண்டவரும் எப்போதோ போய்விட்டார், அவரை நான் தேடவும் இல்லை. இப்போது இருக்கும் ஆண்டவர், எழுபது தாண்டிய அப்பா டாக்டர் பேச்சைக் கேட்காமல் மூன்றாவது கட்டப்பத்துக்குத் தட்டை நீட்டும்போது, பார்த்தும் பார்க்காததுபோல இருந்துகொள்கிறார்.