ஆகஸ்ட் பதினாறாம் பக்கம்

காலை ஆறரை மணிக்கு மனோகரனின் குரல் வந்துவிடும். மலேசியாவில் லூனாஸ் பக்கம் இருந்து, இப்போது செம்பனை மரங்களுக்கும் தாமான் என்கிற குடியிருப்புக்கும் இடம் கொடுத்துவிட்ட ஒரு தோட்டத்தின் பழைய ஆட்களெல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு அது. "வணக்கம். இன்றைய தேதியில் இசை" என்று ஆரம்பிப்பார். இன்ன வருடம் இதே தேதியில் இன்னார் பிறந்தார், இன்ன இசைத்தட்டு வெளிவந்தது, இன்ன குழு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தது. இரண்டு நிமிடம், அதற்கு மேல் போகாது. பாதிப் பேர் பல் விளக்கிக்கொண்டே கேட்பார்கள். மீதிப் பேர் கேட்காமலேயே ஒரு கும்பிடு பொம்மையைத் தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். மனோகரன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

எல்லாம் ஒரு தடித்த டைரியில் இருக்கிறது. தேதிக்கு ஒரு பக்கம். பத்தொன்பது வயதில் ஆரம்பித்தது, இப்போது அவருக்கு அறுபத்து மூன்று. கூலிம் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஷிப்டு பார்த்த மனிதர், தீபாவளிக்கு லீவு கேட்க மறந்தாலும் டைரியை மறந்ததில்லை. "உலகத்துல உள்ளவன் பொறந்தது செத்தது எல்லாம் இருக்கு, என் பொறந்தநாள் மட்டும் அந்தப் புஸ்தகத்துல இல்ல" என்பாள் மனைவி தேவகி. "நீ பாட்டு பாடினியா?" என்று கேட்டுவிட்டு அன்று காலைப் பசியாறல் கிடைக்காமல் போனதும் உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் நாணயஸ்தர். தேதியோ வருடமோ தப்பாகச் சொல்லிவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் "ஒரு திருத்தம்" என்று இன்னொரு குரல் பதிவு வந்துவிடும். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். இருந்தாலும் வரும்.

டைரியில் ஆகஸ்ட் பதினாறு பொல்லாத பக்கம். 1938-இல் அமெரிக்காவில் கிதாரோடு ஊர் ஊராகச் சுற்றிய ஒரு கறுப்பினப் பாடகர் இருபத்தேழு வயதில் செத்தது அன்றுதான். 1977-இல் ராக் ராஜா என்று உலகமே கொண்டாடியவர் போனதும் அன்றுதான். 2018-இல் சோல் இசைக்கு ராணி என்று பெயர் வாங்கிய அம்மையார் போனதும் அதே தேதியில். இந்த மூன்றுக்கும் கீழே சிவப்பு மையில் நான்காவதாக ஒரு வரி: "1988. வாசுகி பாடல் பதிவு, சுங்கை பட்டாணி. பத்திரமாக இருக்கிறது."

வாசுகி அவருடைய தங்கை. கோவில் திருவிழா மேடையில் அவள் பாடினால் பந்தலுக்கு வெளியே மீ கோரெங் விற்கிற சீனன்கூடக் கரண்டியை நிறுத்திவிடுவான். மனோகரனே ஒரு பாட்டெழுதி, தோட்டத்து இசைக்குழுவைத் திரட்டி, சுங்கை பட்டாணியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளைப் பாட வைத்தார். ஒரே ஒரு கேசட். பதிவு செய்தவர் அதன் முதுகிலிருந்த இரண்டு சின்னச் சதுரங்களை உடைத்துக் கொடுத்தார். அதை உடைத்துவிட்டால் அந்த கேசட்டில் வேறு எதையும் மேலே பதிவு செய்ய முடியாது. அடுத்த வருடம் வாசுகி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள், ரூபினி பிறந்தாள். அந்தத் தீபாவளிக்கு முன்னால் காய்ச்சலில் படுத்த வாசுகி எழுந்திருக்கவே இல்லை. பிள்ளைக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. தகப்பன் ஜொகூர் பக்கம் போய் வேறு குடும்பமாகிவிட்டான். ரூபினியை வளர்த்தது மனோகரனும் தேவகியும்தான்.

கேசட்டை அவர் பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டினார். சாவு வீட்டில் அதைப் போட்டுக் கேட்கிற தெம்பு அன்றைக்கு யாருக்கும் இல்லை. வருடங்கள் போனபின் டேப் பழசாகிவிட்டது, ஓட்டினால் அறுந்துவிடும் என்ற பயம் வந்தது. ஒவ்வொரு ஆகஸ்ட் பதினாறும் டின்னைத் திறப்பார், உறையின் மேல் வாசுகி தன் கையால் எழுதிய தேதியை ரூபினிக்குக் காட்டுவார். "உங்கம்மா குரல் என்கிட்ட பத்திரமா இருக்கும்மா." முப்பத்தாறு வருடமாக இதே பேச்சு. அம்மாவின் முகம் போட்டோவில் இருந்தது. குரலை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த வருடம் ரூபினி விடவில்லை. அவளுக்குப் பினாங்கில் வேலை. சுங்கை பட்டாணியில் மஜீத் என்பவர் பழைய கேசட்டைப் பக்குவமாக ஓட்டி போனில் ஏற்றிக் கொடுக்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

"மாமா, அறுந்தா அறுந்துட்டுப் போகுது லா. ஒரு தடவ கேட்டாப் போதும் எனக்கு."

அவள் கேட்ட விதத்தில் மனோகரன் ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் பதினாறு சனிக்கிழமையாக விழுந்தது. காலைப் பதிவில் மூன்று சாவுகளையும் சொல்லிவிட்டு, "நான்காவது, என் தங்கை வாசுகியின் பாடல். அந்தக் குரல் பத்திரமாக என்னிடம் இருக்கிறது, இன்று கேட்கப் போகிறோம்" என்றார். கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன. புதுச் சட்டை போட்டுக்கொண்டார். ரூபினி காரை ஓட்ட, டின்னை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அந்தப் பாட்டின் பல்லவியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தபடி வந்தார்.

மஜீத் ஐம்பது வயதுக்காரர், வளவளவென்று பேசாதவர். கேசட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, சதுரம் ஒடச்ச எடத்துல செலோடேப் ஒட்டியிருக்கே?"

"தூசி போவாம இருக்க ஒட்டியிருப்பா தம்பி."

மஜீத் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு கேசட்டை இயந்திரத்தில் போட்டார். சதுரத்தை உடைத்த கேசட்டில் மறுபடி பதிவு செய்ய வேண்டுமென்றால் அந்த ஓட்டையை அடைக்கத்தான் அப்படி ஒட்டுவார்கள். அது மனோகரனுக்கும் தெரியும். ஆயிரம் முறை ஒட்டியவர் அவர். தெரிந்தும் அந்த நேரத்தில் அவர் மனம் அந்தப் பக்கம் போக மறுத்தது.

கேசட் சுழன்றது. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஓர் ஆண் குரல், வானொலி அறிவிப்பாளர், நிறுத்தி நிதானமாக: இன்றோடு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இதே நாளில் ராக் இசையின் ராஜா மறைந்தார்.

"பக்கம் மாறிப்போச்சு" என்றார் மனோகரன். மஜீத் திருப்பிப் போட்டார். மறுபக்கம் வெறும் இரைச்சல். மறுபடி முதல் பக்கம், ஆரம்பத்திலிருந்து, சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அந்தக் காலத்தில் மனோகரன் வானொலி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் அழகைத் தோட்டமே சொல்லிச் சிரிக்கும். ரேடியோவுக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்து, வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு போடுவார். இருந்தும் அடுத்த வீட்டுக்காரரின் இருமல் எல்லா கேசட்டிலும் இருக்கும். நிகழ்ச்சியைக் கேட்கும்போதே டைரியில் எழுதிக்கொள்வார், பதிவு வெறும் துணைக்குத்தான். பல கேசட்டுகளை அவர் ஒரு முறைகூடத் திரும்பப் போட்டுப் பார்த்ததில்லை.

இதிலும் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டின் சத்தங்கள் இருந்தன. அறிவிப்பாளருக்குப் பின்னால் பாத்திரம் உருண்டது, ஒரு கைக்குழந்தை முனகியது. பிறகு மிகப் பக்கத்தில், ஒரு பெண்ணின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு:

"அண்ணே, காலி கேசட் ஒண்ணுங்கூட இல்ல. என் பாட்டு கேசட்டத்தான் ஒட்டிப் போட்டுருக்கேன். பரவால்ல லா, நான் எங்க போவப் போறேன்? நாளைக்கே பாடித் தர்றேன்."

"சரி சரி, பேசாத. ரெக்கார்டு ஆவுது."

இரண்டாவது குரல் மனோகரனுடையது. இருபத்தேழு வயது மனோகரன். அவள் சொல்லியிருக்கிறாள். தெளிவாக, முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அவர் சரி என்றும் சொல்லியிருக்கிறார், காதில் வாங்காமலே. யாரோ சாகாவரம் வாங்கிய ஒருவர் செத்த கதையைப் பிடித்து வைக்கும் அவசரம் அன்றைக்கு அவருக்கு.

ரூபினி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இதான் அம்மாவா?" என்று கேட்டாள். மனோகரன் தலையை மட்டும் ஆட்டினார்.

குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அதைத் தோளில் போட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு வாசுகி பாடினாள். வார்த்தை இல்லாமல், வாயைத் திறக்காமல், ஓர் இழுவை. பிள்ளையின் அழுகை ஒரு படி இறங்கியது. அவள் அடுத்த வரிக்கு மூச்சு எடுத்தாள்.

"ஏய் வாசுகி! பிள்ளைய வெளிய தூக்கிட்டுப் போ! பதிவு கெடுதுல்ல?"

ஜப்பான் செருப்பு தரையில் இழுபட்டது. கதவு கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் அறிவிப்பாளர் மட்டும்தான். அழகான பதிவு. ஒரு இருமல்கூட இல்லை.

மூவரும் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள், அவள் திரும்பி உள்ளே வருவாள் என்று. வரவில்லை. மனோகரன் புதுச் சட்டையின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடைக்கு வந்த ஒரு மலாய்க்காரப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். மஜீத் ஒரு குவளைத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மாமா, அழுதது நானா?" என்றாள் ரூபினி.

"நீதாம்மா."

"திருப்பிப் போடச் சொல்லுங்க."

நான்கு முறை போட்டார்கள். நான்கு முறையும் வாசுகி மூச்சு எடுத்தாள், நான்கு முறையும் அவர் அவளை வெளியே அனுப்பினார்.

மஜீத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அண்ணே, அந்தம்மா பாடுறதோட வெட்டிடவா? ஒங்க சத்தம் வர்றதுக்கு முன்னால. அப்பிடியும் செய்யலாம்."

ரூபினி திரும்பி மாமாவையே பார்த்தாள்.

"வெட்டாதீங்க தம்பி" என்றார் மனோகரன். "அதுவும் அன்னிக்கு நடந்ததுதான்."

காரில் திரும்பி வரும்போது டின் இப்போதும் அவர் மடியில்தான் இருந்தது. தாமான் வாசலில் இறங்கும்போது ரூபினி அவர் கையைப் பிடித்தாள். பிடித்த பிடி இறுக்கமாக இருந்தது. அதில் கோபமும் இருந்தது, அவருக்கு அது தெரிந்தது. அந்தக் கோபத்துக்கு அவளுக்கு உரிமை உண்டு என்று கையை அப்படியே விட்டுவைத்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பழைய தோட்டத்து ஆட்களின் போன்களில் ஒரு குரல் பதிவு வந்தது. அதைக் கேட்காமல் கும்பிடு தட்டிவிட்டவர்கள் பிறகு கேட்டுவிட்டு, அந்தக் கும்பிடு பொம்மையை அழித்துக்கொண்டார்கள்.

"வணக்கம். இன்று காலை சொன்னதில் ஒரு திருத்தம். ஆகஸ்ட் பதினாறு, 1988-இல் என் தங்கை வாசுகி பாடிய பாடல் என்னிடம் பத்திரமாக இல்லை. அடுத்த வருடம் அதே தேதியில் அதை நானே அழித்துவிட்டேன். அன்றைக்கு, 1989 ஆகஸ்ட் பதினாறு, வாசுகி தன் பிள்ளைக்குப் பாட ஆரம்பித்தாள்."

பதிவு அதோடு முடியவில்லை.

"நான்தான் வெளிய போவச் சொன்னேன்."