முடி கொட்டாத மருந்து

அக்காவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் திரும்பி வந்ததும் டாக்டர் மருந்தை மாற்றினார். புதிய மருந்தைக் கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உறைகளில் அடைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட உறைகளின் அளவைச் சோதிப்பதுதான் பெங்களூரில் எனக்கு வேலை. பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். அதனால் வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியவள் நான்தான்.

"இன்னாத்துக்குடி உறை?" என்று அக்கா கேட்டாள்.

"சும்மா ஏத்துனா மருந்து ஒடம்பு பூரா பரவிடும்க்கா. இதயத்தையும் கெடுக்கும். கட்டி கீற எடத்துல ரத்தக்குழாய்ங்க ஓட்டை ஓட்டையா இருக்கும். உறையில இருந்தா அது வழியா உள்ள எறங்கும்."

"முடி?"

"அவ்ளோவா கொட்டாது."

சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். முதல் வைத்தியத்தில் கொட்டிய முடி அப்போதுதான் தோள்வரை வளர்ந்திருந்தது.

சொன்னபடியே முடி அதிகம் கொட்டவில்லை. ஆனால் சில முறை ஏற்றிய பிறகு உள்ளங்கைகளும் பாதங்களும் சிவந்து, எரிந்து, தோல் உரிய ஆரம்பித்தது. உறைகள் அங்கேயும் கசிகின்றன. நான் படித்த விஷயம்தான். படித்தது அக்காவின் கையில் வந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. மருந்து ஏறும் நேரமெல்லாம் துணியில் சுற்றிய ஐஸ் பொட்டலங்களை அவள் கைகளில் வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பேன். பெரிதாகப் பலன் இல்லை.

அவள் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவள். விரலை அழுத்த முடியாமல் அதை விட்டுவிட்டாள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவிலிருந்த ஒரு ஆன்ட்டி அவளை நிறுத்தினார்.

"முடியெல்லாம் நல்லாத்தானே கீது, ஏம்மா வாசிக்க வரமாட்டேன்ற?"

அக்கா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "வரேன் ஆன்ட்டி" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

"மொட்டையா இருந்தப்போ எல்லாரும் எனக்காக ஜெபம் பண்ணாங்கடி."

அடுத்த ஸ்கேனில் கட்டி பெருத்திருந்தது. எலிகளின் கட்டியில் இருக்கிற அளவு ஓட்டைகள் மனிதர்களின் கட்டியில் இருப்பதில்லை, ஆளுக்கு ஆள் மாறும் என்று எங்கள் துறையில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். டாக்டர் மருந்தை நிறுத்தினார். அக்கா கட்டிலில் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"வேற எதுவும் வரலையா?"

"எங்க லேப்ல ஒண்ணு பண்றாங்க. உறை மேலயே கொக்கி மாதிரி ஒண்ணு வச்சு. கட்டியை அதுவே அடையாளம் கண்டு புடிச்சுக்கும்."

"எனக்குக் குடுப்பாங்களா?"

"இப்போ எலிங்களுக்குத்தான்க்கா."

போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "எலிங்களுக்கு சரியாவுதா?" என்றாள்.

"ஆவுது."

"நல்லதுடி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மழைக்காலத்தில் போய்விட்டாள். சவப்பெட்டியை இறக்கும்போது குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. அந்த ஆன்ட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதார்.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று புது உறையின் முடிவுகளைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். எலிகளின் கட்டிகள் பாதிக்குமேல் சுருங்கியிருந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம் மருந்து வைக்கும் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உடம்பு நடுங்கும்வரை அழுதேன்.

அதே வேலையில்தான் இருக்கிறேன். அந்த மருந்து வந்துவிட வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். ஒருநாள் யாரோ ஒருத்தி அதை ஏற்றிக்கொண்டு பிழைப்பாள். அவள் என் அக்காவாக இருக்க மாட்டாள்.